யாருடைய நஷ்டம்?

(சேலத்தில் நடைபெற்ற கட்சி ஊழியர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"தாராளமயமும் இந்திய உருக்குத் தொழிலும்" என்ற பொருளைப் பற்றிப் பேசுமாறு முகாம் அமைப்பாளர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றனர். உண்ட களைப்போடு அமர்ந்திருக்கும் உங்களுக்கு உறக்கத்தை வரவழைக்கத்தக்க தலைப்பு இது என்பதை நான் அறிவேன். டன் கணக்கும் கோடிக் கணக்கும் இல்லாமல் இதைப் பேசுவதற்கும் இயலாது. ஆயினும் பொறுத்தருளிக் கேளுங்கள். எங்கோ தில்லியிலும் பம்பாயிலும் எழுதப்பட்ட கணக்குப் போலத் தோன்றினாலும், இது நம் வீட்டுக் கணக்கு.

இந்த நகரத்தின் மேற்கே கஞ்சமலை நிற்கிறது. இரும்புத் தாதை வயிற்றில் சுமந்துகொண்டு யுகயுகமாக நிற்கிறது. மலைக்கு அருகிலே சேலம் உருக்காலை நிற்கிறது. மலையில் தாது, பக்கத்தில் ஆலை. ஆனால் அந்த மலையின் தாது அந்த ஆலையின் உலைக்குள் சென்றதில்லை. தாதை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையே அந்த ஆலையில் கிடையாது. பழைய இரும்பையும் கலப்பு உலோகங்களையும் மின்சார உலையிலே உருக்கித் துருப்பிடிக்காத உருக்குச் செய்கிறார்கள். இந்த விந்தை எப்படி நேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினால், இந்திய உருக்குத் தொழிலின் வரலாறு முழுவதும் நம் முன்னே வந்து நிற்கும்.

நமது எதிரிகள் இந்த வரலாற்றை மிக எளிதாகச் சொல்லி முடித்துவிடுகின்றனர். 1991-க்கு முன்னால் சர்க்கார் ஆலை நடத்தியது, நஷ்டம் வந்தது. 1991-க்குப் பின்னால் சர்க்கார் விலகிக்கொண்டது, சந்தை திறந்துவிடப்பட்டது, திறமைசாலிகள் வந்தனர், உற்பத்தி பெருகியது. இதுதான் அவர்கள் சொல்லும் கதை. பள்ளிப் புத்தகத்திலும் இதுவே, பத்திரிகைத் தலையங்கத்திலும் இதுவே. நான் சொல்ல வந்தது வேறு. சர்க்கார் உருக்குத் தொழிலை விட்டு ஒரு நாளும் விலகியதில்லை. நேற்றும் விலகவில்லை, இன்றும் விலகவில்லை. முன்பு ஆலையின் உள்ளே நின்றது. பிறகு வங்கியின் கருவூலத்திலே நின்றது. நின்ற இடம் மாறியது. யாருக்காக நின்றது என்பதும் மாறியது. அவ்வளவே.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1830-ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டுவிட்டு, பரங்கிப்பேட்டையிலே இரும்பு உலை அமைத்தார். தாது சேலத்திலிருந்து, எரிபொருள் நம் காடுகளை வெட்டிச் சுட்ட மரக்கரி. இந்த மண்ணிலே ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய முதல் தனியார் முயற்சிகளில் ஒன்று அது. அந்தத் தனியார் முயற்சி யாருடைய பணத்தில் நடந்தது? கம்பெனி சர்க்கார் கொடுத்த முன்பணத்தில்! ஹீத்தின் உலை அணைந்தது. கடன் கொடுத்த சர்க்காருக்கு நஷ்டம். காட்டை இழந்த குடிகளுக்கும் நஷ்டம்.

1907-இல் தோன்றி, 1912-இல் உருக்கு வார்த்த ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையைப் பாருங்கள். இந்தியரின் சொந்த மூலதனத்தில் எழுந்த ஆலை என்று நாடே பெருமை கொண்டது. அந்தப் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆனால் முதல் உலக யுத்தம் முடிந்து அந்நிய உருக்கு மலிவு விலையில் வந்து குவிந்தபோது அந்த ஆலை தள்ளாடியது. 1924-இல் சட்டசபை உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிக் காப்பு வரியும் மானியமும் அளித்தது. அன்று அந்தத் துணை இல்லையேல் டாட்டா ஆலை என்ன ஆகியிருக்கும் என்பதை அவர்களுடைய வரலாற்றாசிரியர்களே அறிவர். அன்று அதை யாரும் "தண்டச் செலவு" என்று சொல்லவில்லை. தேசத் தொண்டு என்றனர். எனவே, சர்க்காரின் கைத்தாங்கல் இல்லாமல் உருக்கு ஆலை நிமிர்ந்து நின்றதாக இந்த நாட்டு வரலாற்றில் ஏடு கிடையாது.

விடுதலைக்குப் பின் என்ன நடந்தது? சர்க்கார் உருக்காலைகளைக் கட்டியதற்குக் காரணம் சோஷலிஸ வெறி என்கிறார்கள். 1944-இல் டாட்டா, பிர்லா முதலிய பெருமுதலாளிகளே கூடித் தயாரித்த பம்பாய்த் திட்டம், கனரகத் தொழில்களில் சர்க்கார் பெரும் பங்கேற்க வேண்டும் என்றது. ஏன்? உருக்காலைக்குப் பெருந்தொகை முடக்க வேண்டும். பல ஆண்டு காத்திருக்க வேண்டும். லாபம் உடனே வராது. அத்தகைய சுமையைத் தூக்க முதலாளிமார் அன்று ஆயத்தமாக இல்லை. 1956 தொழிற்கொள்கைத் தீர்மானம் புதிய உருக்காலைகளைச் சர்க்காருக்கென ஒதுக்கிற்று. சோவியத் உதவியோடு பிலாயிலும், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ரூர்கேலாவிலும், பிரிட்டனின் உதவியோடு துர்காப்பூரிலும் 1959-இல் ஊதுலைகள் எரியத் தொடங்கின. நான்காவது ஆலையாகிய பொகாரோவுக்கு அமெரிக்காவிடம் உதவி கேட்டோம். பொதுத்துறைக்கு உதவி இல்லை என்ற கூச்சல் அங்கே எழுந்தது. 1963-இல் இந்தியா தன் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1965-இல் சோவியத் நாடு கை கொடுத்தது. அந்த ஆலைகள் வார்த்த உருக்கிலேதான் நம் தண்டவாளமும், அணைக்கட்டின் மதகும், மின் கோபுரமும் எழுந்தன.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாம் செம்மையாக நடந்ததென்று நாம் பேசினால் உண்மைக்கு மாறாகப் பேசுகிறோம். உருக்கின் விலையைத் தில்லி நிர்ணயித்தது. அந்த மலிவு விலையில் உருக்கை வாங்கித் தங்கள் எந்திரத்தையும் மோட்டாரையும் கொள்ளை லாபத்துக்கு விற்றவர்கள் தனியார் முதலாளிகள். பொதுத்துறை ஆலையின் "நஷ்டம்" அவர்களுடைய பெட்டியிலே லாபமாகச் சேர்ந்தது. இன்னொன்று, சமச் சரக்குக் கட்டணம். உருக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கட்டணம் என்று 1956 முதல் ஒரு முறை இருந்தது. அதனால் பீகாரும் வங்காளமும் தம் மண்ணில் தாதும் நிலக்கரியும் இருந்தும் அந்த இயற்கை வசதியின் பயனை இழந்தன. பம்பாய் மாகாணமும் நம் மாநிலமும் பயன் பெற்றன. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் எழுந்த எந்திரத் தொழில்களில் ஜார்க்கண்ட் ஆதிவாசியின் பங்கு உண்டு. அவனுக்கு நாம் பட்டுள்ள கடன் அது. தமிழ்நாட்டு மேடையில் இதை யாரும் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

இனி, மூன்று பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி தென்னாட்டுக்கு மூன்று உருக்காலைகள் அறிவித்தார்: சேலம், விசாகப்பட்டினம், கர்நாடகத்து ஹோஸ்பேட் அருகே விஜயநகரம். அவை வானத்திலிருந்து விழுந்த வரங்கள் அல்ல. 1966-இல் "விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு", அதாவது விசாகை உருக்காலை ஆந்திரரின் உரிமை என்று தெலுங்கு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 32 பேர் உயிர் நீத்தனர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் சட்டசபைப் பதவிகளைத் துறந்தனர். இங்கே 1967 ஜூலையில், அண்ணாதுரை அவர்களின் தலைமையில் அமைந்த புதிய ஆட்சி, சேலம் உருக்காலையையும் சேதுக் கால்வாயையும் கோரி எழுச்சி நாள் நடத்தியது. கட்சி வேறாயினும் கோரிக்கை நியாயமானது. அந்தப் பெருமையை அவர்களுக்கு உரியதாகவே சொல்கிறேன்.

அறிவித்த மூன்றும் ஒரே மாதிரி வளர்ந்தனவா? இல்லை. மூத்தவனாகிய சேலத்துக்கு 1970 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினர். கஞ்சமலைத் தாதும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் கொண்டு முழு உருக்காலை என்ற பழைய கனவு கோப்புகளிடையே தேய்ந்து தேய்ந்து, 1981-இல், வெளியிலிருந்து வந்த உருக்கைத் தகடாக உருட்டும் ஆலையாகப் பிறந்தது. இது தாராளமயத்தின் குற்றமன்று. அதற்கு முந்திய தில்லிச் சர்க்காரின் குற்றம். இரண்டாமவனாகிய விசாகப்பட்டினம் முழு ஆலையாக வளர்ந்து 1992-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் சொந்தச் சுரங்கம் கொடுக்கப்படவில்லை. மூன்றாமவனாகிய விஜயநகரம் அடிக்கல்லோடு நின்றது. அவன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

1991 ஜூலை 24-இல் புதிய தொழிற்கொள்கை வந்தது. பொதுத்துறைக்கென ஒதுக்கியிருந்த பட்டியலிலிருந்து உருக்கு நீக்கப்பட்டது. லைசென்சு தேவையில்லை என்றாயிற்று. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. சமச் சரக்குக் கட்டணம் கைவிடப்பட்டது. அந்நிய மூலதனம் 51 சதவீதம் வரை தானாகவே அனுமதி பெற்றது. இறக்குமதி வரி படிப்படியாக இறங்கியது. ஆலைகளைப் புதுப்பிப்பதற்கென்று 1978 முதல் விற்பனையின் மீது வசூலித்து வந்த உருக்கு வளர்ச்சி நிதிக்கான தொகை 1994-இல் நிறுத்தப்பட்டது. கதவு திறந்தது, கையில் இருந்த தடியும் பறிக்கப்பட்டது.

அடுத்து வந்தது அடி. 1997-இல் கிழக்காசிய நாடுகளில் நெருக்கடி. சிதறுண்ட சோவியத் நாட்டின் ஆலைகளிலிருந்து உருக்கு வந்த விலைக்கு உலகெங்கும் விற்கப்பட்டது. நமது பொதுத்துறை ஆலைகளின் தாய் நிறுவனமாகிய 'செயில்' 1998-99-இல் 1,574 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அடுத்த நான்கு ஆண்டுகளும் நஷ்டமே. "பார்த்தீர்களா, பொதுத்துறை செத்த மாடு, சந்தைக்கு ஓட்டுங்கள்" என்ற கூக்குரல் எழுந்தது. 2000-இல் ஒரு சீரமைப்புத் திட்டம் தீட்டினர். சேலமும், பத்ராவதியும், துர்காப்பூர் கலப்பு உருக்காலையும் விற்பனைப் பட்டியலில் ஏற்றப்பட்டன. பத்ராவதி எது என்று தெரியுமா? விசுவேசுவரய்யாவின் முயற்சியால் மைசூர் சமஸ்தானம் கட்டிய பழம் பெரும் ஆலை அது.

செத்ததென்று சொன்ன மாடு என்ன செய்தது? உலக விலை திரும்பியதும் எழுந்து நின்றது. 2004-05-இல் அதே செயில் 6,817 கோடி ரூபாய் லாபம் ஈட்டியது. அதே ஆலைகள், அதே சுரங்கங்கள், அதே தொழிலாளர்கள் (அவர்களிலும் பல்லாயிரவர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தனர்). உருக்குத் தொழிலின் இயல்பே இதுதான்: பத்து ஆண்டில் நான்கு ஆண்டு வறட்சி, நான்கு ஆண்டு வெள்ளம். வறட்சிக் காலத்தில் நிலத்தை விற்றுவிடு என்று யோசனை சொல்பவன் உழவனுக்கு நண்பனா, நிலம் வாங்க வந்திருக்கும் தரகனா என்று நீங்களே சொல்லுங்கள்!

"சரி, பொதுத்துறையை விடும், தனியார் துறை எத்துணைத் திறமையாக நடந்தது பாரும்" என்பார்கள். பார்ப்போம். எஸ்ஸார், இஸ்பாத், பூஷன், ஜிந்தால் என்று புதிய புதிய பெயர்கள் தோன்றின. அவர்கள் கட்டிய ஆலைகள் புதியவை, எந்திரங்கள் நவீனமானவை, மறுக்கவில்லை. ஆனால் கட்டிய பணம் யாருடையது? பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கொடுத்தவை பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளும் சர்க்காரின் நிதி நிறுவனங்களும். உங்கள் தந்தையார் போட்ட வைப்புத் தொகை, உங்கள் சம்பளக் கணக்கு, இவைதான் ஹஜீராவிலும் ஒரிஸாவிலும் உலையாக எழுந்தன.

2014-ஐ ஒட்டி மீண்டும் விலை வீழ்ந்தது. சீனத்து உருக்கு வந்து குவிந்தது. கடன் வட்டி குட்டி போட்டது. 2017 ஜூனில், திவால் சட்டத்தின் கீழ் உடனே கொண்டு செல்ல வேண்டிய மிகப் பெரிய கடனாளிகள் என்று ரிசர்வ் வங்கி 12 கணக்குகளைப் பொறுக்கி எடுத்தது. அந்தப் பன்னிரண்டில் ஐந்து உருக்குக் கம்பெனிகள்! பூஷன் ஸ்டீல், எஸ்ஸார் ஸ்டீல், பூஷன் பவர், எலெக்ட்ரோஸ்டீல், மோனட் இஸ்பாத். இந்த ஐந்தும் கடன் கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 1 லட்சத்து 75 ஆயிரம் கோடி ரூபாய். ஆலைகளை விற்று மீண்டது ஏறத்தாழ 1 லட்சத்து 4 ஆயிரம் கோடி. மிச்சம்? எழுபதாயிரம் கோடிக்கு மேற்பட்ட தொகை காற்றோடு போயிற்று. 47 ஆயிரம் கோடி பாக்கி வைத்த ஒரு கம்பெனி 19 ஆயிரம் கோடிச் சொச்சத்துக்குப் போயிற்று. 11 ஆயிரம் கோடி பாக்கி வைத்த இன்னொன்று மூவாயிரம் கோடிக்கும் குறைவாகப் போயிற்று. வாங்கியவர் யார்? டாட்டா, ஜிந்தால், வேதாந்தா, உலகப் பெரும் உருக்கு அரசர் மிட்டல். ஐந்து தனி முதலாளிகளிடம் இருந்தது நான்கு பெருமுதலாளிகளிடம் போயிற்று. இதற்கு நம் ஆசான்கள் வைத்த பெயரை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். சர்க்கார் விலகிவிட்டதா? ஒரு கிராமத்து விவசாயி பயிர்க் கடன் ஐம்பதாயிரத்தைக் கட்டவில்லையென்றால் தண்டோரா போடும் வங்கி, எழுபதாயிரம் கோடியைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியது. அந்த வங்கிகள் மூச்சு விடுவதற்காகச் சர்க்கார் வரிப் பணத்தை எடுத்து மூலதனமாக ஊற்றியது. இதற்குப் பெயர் 'முடிகத்தரிப்பு' என்று பொருளாதார மேதைகள் சொல்கிறார்களாம். யாருடைய முடி, யார் கையில் கத்தரிக்கோல் என்பதை மட்டும் சொல்வதில்லை!

இந்த எழுபதாயிரம் கோடியைக் கையில் வைத்துக்கொண்டு விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள். ஏறத்தாழ 20 ஆயிரம் ஏக்கர் நிலம். கிராமம் கிராமமாக மக்கள் பெயர்க்கப்பட்டனர். 2007-08-இல் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் கண்ட ஆலை அது. சொந்தக் கடனில் உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 73 லட்சம் டன்னாக உயர்த்தியது. ஆனால் அதற்குச் சொந்தத் தாதுச் சுரங்கம் இல்லை. டாட்டாவுக்குச் சுரங்கம் உண்டு, செயிலுக்குச் சுரங்கம் உண்டு, விசாகைக்கு இல்லை. பைலதிலா மலைத் தாதை ரயிலில் ஏற்றி விசாகைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்குக் கப்பலேற்றிய காலம் உண்டு. அந்தத் துறைமுகத்தின் பக்கத்திலேயே இருக்கும் ஆலையோ அதே மலைத் தாதை, சர்க்காரின் இன்னொரு நிறுவனமாகிய தேசிய கனிம வளர்ச்சிக் கழகத்திடம் சந்தை விலை கொடுத்து வாங்கியது. ஒரு தாயின் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சோறு விற்ற கதை! கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று ஏசுவதை வேறெங்கும் கண்டதுண்டா?

2021 ஜனவரியில் இந்த ஆலையை நூற்றுக்கு நூறு விற்பதென்று மத்திய மந்திரிசபைக் குழு கொள்கையளவில் முடிவெடுத்தது. தொழிலாளர்கள் அன்று தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்கில் நடந்தது. அதற்குள் நஷ்டம் ஏறி, 2023-24-இல் மட்டும் 4,800 கோடியைத் தாண்டிற்று. கச்சாப் பொருள் வாங்கப் பணமின்றி ஊதுலைகள் அணைக்கப்பட்ட நாட்களும் உண்டு. 2025 ஜனவரியில் 11,440 கோடி ரூபாய் உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. இது போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி, ஐயமில்லை. ஆனால் இங்கே விநோதத்தைக் காணுங்கள். இந்தப் பதினோராயிரம் கோடியை மக்கள் பணம் பாழ் என்று எழுதிய பேனாக்கள், அந்த எழுபதாயிரம் கோடிக்காக ஒரு துளி மை சிந்தவில்லை. உதவி வந்த பின்னும் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் வெளியே தள்ளப்பட்டனர். 2025-இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. சுரங்கம் வேண்டும் என்ற பழைய கோரிக்கையோ கோரிக்கையாகவே இருந்தது.

மூன்றாவது பிள்ளையை மறந்துவிடவில்லை. விஜயநகரத்தில் சர்க்கார் கட்டாத ஆலையை, 1994-இல் தோன்றிய ஜிந்தால் கம்பெனி தோரணகல்லிலே கட்டியது. அதுவும் ஆரம்ப ஆண்டுகளில் கடனில் தத்தளித்தது. நிதி நிறுவனங்கள் கடனைச் சீரமைத்துத் தூக்கிவிட்டன. இன்று இந்தியாவில் ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய உருக்காலைகளின் வரிசையில் முன்னே நிற்பது அது. 2024 ஆகஸ்டில் கர்நாடக மந்திரிசபை 3,600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அந்தக் கம்பெனிக்கு விற்க ஒப்புதல் அளித்தது. சுரங்கமும், நிலமும், கடன் தவணையும் கிடைத்தால் ஆலை வளரும். இதை நான் பொறாமையோடு சொல்லவில்லை. அந்த மூன்றும் விசாகைக்கும் சேலத்துக்கும் ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

உற்பத்தி பெருகவில்லையா என்பார்கள். பெருகியது! 1991-இல் ஏறத்தாழ 170 லட்சம் டன் கச்சா உருக்கு. 2023-24-இல் 1,440 லட்சம் டன். 2018 முதல் உலகில் சீனத்துக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. இதை இல்லையென்று சொல்பவன் கண்ணிருந்தும் குருடன். ஆனால் உருக்கு வளர்ந்த அளவுக்கு உருக்குத் தொழிலாளி வளர்ந்தானா? செயிலில் ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த நிரந்தர ஊழியர், 2024-இல் ஏறத்தாழ 55 ஆயிரம். ஜாம்ஷெட்பூர் டாட்டா கம்பெனியில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏறத்தாழ 78 ஆயிரம் பேர்; 2005-இல் நாற்பதாயிரத்துக்கும் கீழே. எந்திரம் வந்தது, ஆள் குறைந்தது என்பதோடு கதை முடியவில்லை. ஓய்வு பெற்ற நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் ஒப்பந்தக்காரனின் ஆள் நிற்கிறான். அதே உலை, அதே வெப்பம், அதே ஆபத்து. கூலியோ பாதிக்கும் குறைவு. அவன் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இல்லை. விபத்து நேர்ந்த நாளில்தான் பத்திரிகையில் வருகிறது.

இனிச் சேலத்துக்குத் திரும்புவோம். நமது வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் அந்தத் துருப்பிடிக்காத உருக்கு, இந்த ஆலையின் தனிச்சிறப்பு. நம் சட்டைப் பையில் புழங்கும் நாணயங்களுக்கு வில்லை வெட்டிக் கொடுத்த ஆலையும் இதுவே. 1995-இல் சூட்டு உருட்டாலை, 2010-இல் உருக்கு உலைக்கூடம் எனக் காலம் கடந்து விரிவாக்கம் வந்தது. விரிவாக்கம் வந்த வேளை யாது? தென்கொரியாவோடும் ஆசியான் நாடுகளோடும் செய்துகொண்ட தடையற்ற வாணிப ஒப்பந்தங்கள் 2010-இலும், ஜப்பானோடு செய்த ஒப்பந்தம் 2011-இலும் அமலுக்கு வந்த வேளை. அந்நாடுகளின் உருக்கு வரியின்றி உள்ளே வர வழி பிறந்தது. ஒரு கையால் பல நூறு கோடி செலவிட்டு உலை கட்டினார்கள். மறு கையால் கதவைத் திறந்து விட்டார்கள். சீனத்துத் துருப்பிடிக்காத உருக்கின் மீது 2017-இல் விதித்த எதிரீட்டு வரியையும் 2021 பட்ஜெட்டில் நிறுத்திவைத்தனர். புதிய உலையின் தேய்மானமும் வட்டியும் கணக்கில் ஏற, ஆலை நஷ்டம் காட்டியது. உடனே பழைய பட்டியல் தூசி தட்டி எடுக்கப்பட்டது. 2016-இல் விற்க முடிவு; 2019 ஜூலையில் வாங்க விரும்புவோர் வருக என்று உலகெங்கும் விளம்பரம்.

அப்போது இந்த ஆலைத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வாயிலில் வந்து அமர்ந்தனர். எல்லாக் கொடிகளும் ஒன்றாக நின்றன. நிலம் கொடுத்த விவசாயிகளின் பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றே: "எங்கள் பாட்டன் சர்க்காருக்கு நிலம் கொடுத்தான், வியாபாரிக்கா கொடுத்தான்?" இதற்கு விடை சொல்லத்தக்க அதிகாரி எவரும் தில்லியிலிருந்து வரவில்லை. விற்பனை நிறைவேறவில்லை. பத்ராவதிக்கும் போதிய ஆள் வரவில்லை என்று 2022-இல் விற்பனையைக் கைவிட்டனர். ஆனால், தோழர்களே, விற்காமல் விட்டதும் வாழவிட்டதும் ஒன்றல்ல. முதலீடு இல்லாமல், புதிய ஆள் எடுக்காமல், வேண்டிய கச்சாப் பொருள் தராமல் விட்டால் ஆலை தானாகவே மெலியும். மெலிந்ததைக் காட்டி மறுபடியும் விலை பேசலாம்.

இந்த வைத்தியத்தை நமக்குக் கற்பித்த குருநாதர்கள் தங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? 1988-இல் தன் உருக்குக் கார்ப்பரேஷனைத் தனியாருக்கு விற்று உலகுக்கே வழிகாட்டியது பிரிட்டன். அதன் மிச்சம் மீதியைக் கொண்ட கோரஸ் கம்பெனியை 2007-இல் நமது டாட்டா வாங்கினார். வெள்ளையனை வென்றோம் என்று இங்கே பத்திரிகைகள் பேரிகை கொட்டின. 2024-இல் வேல்ஸ் நாட்டுப் போர்ட் டால்பட்டின் ஊதுலைகள் இரண்டும் அணைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தனர். மின்சார உலை கட்டுவதற்காக அந்தச் சர்க்கார் 50 கோடி பவுன் மானியம் கொடுக்க இசைந்தது. எஞ்சி நின்ற ஸ்கன்தார்ப் ஊதுலைகளையும் அவற்றின் சீன முதலாளி அணைக்க முற்பட்டபோது, 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, விடுமுறையில் இருந்த பார்லிமெண்டை அவசரமாகக் கூட்டி, ஒரே நாளில் சட்டம் இயற்றி, ஆலையின் கட்டுப்பாட்டைச் சர்க்காரே கையில் எடுத்துக்கொண்டது. தாட்சர் அம்மையாரின் நாட்டில்! அமெரிக்காவோ 2018-இல் இறக்குமதி உருக்குக்கு 25 சதவீத வரி விதித்தது. 2025 ஜூனில் அதை ஐம்பதாக்கியது. திறந்த சந்தை என்ற மந்திரத்தை ஓதிய பூசாரிகளே தங்கள் கோயில் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டனர். நமது சர்க்காரும் 2025 ஏப்ரலில் சில தகடுகளுக்கு 12 சதவீதக் காப்பு வரி விதிக்க நேர்ந்தது. முதலாளிமார் கேட்டபோது கதவைச் சாத்தத் தெரிகிறது பாருங்கள்.

கிளைக் கூட்டங்களில் உங்களிடம் மக்கள் கேட்பார்கள்: "நஷ்டத்தில் ஓடும் ஆலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" பொருளாதாரப் பாடம் நடத்த வேண்டாம். இந்த ஆலைக்குத் தாது எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, பக்கத்துத் தனியார் ஆலைக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள். அதன் கடனுக்கு எத்தனை வட்டி, அவனுடைய கடன் எத்தனை தள்ளுபடி என்று கேளுங்கள். ஆலையின் நிலம் இன்றைய விலைக்கு எத்தனை கோடி பெறும், விற்பனை மதிப்பில் அதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேளுங்கள். கேள்வி கேட்டவனே விடையையும் சொல்லிக்கொள்வான்.

நமது பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளியின் கண்ணீர் வேறு என்று இருந்தால் எந்த ஆலையையும் காக்க முடியாது. 2019-இல் வாயிலில் அமர்ந்தவர்களில் ஒப்பந்தத் தோழர்கள் எத்தனை பேர், அவர்களுடைய கோரிக்கை துண்டுப் பிரசுரத்தில் எத்தனையாவது வரியில் இருந்தது என்பதை நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் சில தோழர்களுக்கு வருத்தம் உண்டாகும். உண்டாகட்டும், முகாம் கூட்டியது அதற்காகத்தான்.

எனக்குக் கொடுத்த நேரம் கடந்துவிட்டது; தலைவர் இரண்டு முறை மணியடித்துவிட்டார். உலைக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தோழர் ஒருவர் அடுத்துப் பேச இருக்கிறார். இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருக்கிறார். மாலை மறுபடி வேலைக்குப் போக வேண்டும். ஆகவே தேநீருக்கு எழுந்து போகாமல் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போங்கள்.